விமானத் தொழில் பயிலும் இளைஞர்களுக்கு



விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் உங்களுக்கும், ‘ஏ.எம்.இ.’ என்று சுருக்கமாக வழங்கும் விமானப் பராமரிப்புக் கல்வியில் சேர்ந்து ரிலேயும் சர்க்யூட் பிரேக்கரும் மின்சுற்றுப் படமுமாகப் பொழுதைச் செலவிட்டுவரும் உங்கள் தோழர்களுக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன். இரு திறத்தாரையும் ஒருங்கே விளிப்பதற்குக் காரணம் உண்டு. வானில் செலுத்துபவர் வேறு, தரையில் செப்பனிடுபவர் வேறு, ஒருவர் தவறுக்கு மற்றவர் பொறுப்பல்லர் என்ற எண்ணம் உங்கள் தொழிலில் எளிதாக வேரூன்றிவிடக் கூடியது. அவ்வெண்ணம் எவ்வளவு விபரீதமானது என்பதை, 2008 ஆகஸ்டு 20 அன்று ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மாட்ரிட்டில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரத்தைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை என்பது, விபத்து விசாரணை அறிக்கைகளை நெடுங்காலமாக ஊன்றிப் படித்துவரும் என்னுடைய அபிப்பிராயம்.

கோடை விடுமுறைக் காலம். பராஹாஸ் விமான நிலையத்திலிருந்து கனாரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவுக்குப் பகல் ஒரு மணிக்குப் புறப்பட வேண்டிய ஸ்பான்ஏர் நிறுவனத்தின் 5022 எண் விமானத்தில், கடற்கரையை நாடிச் சென்ற குடும்பங்களும், தலைநகரில் அலுவல் முடித்துத் தம் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களும், குழந்தைகளும் பணியாளர்களுமாக 172 பேர் இருந்தனர். விமானம் எம்.டி.-82 வகையைச் சேர்ந்தது. இரண்டு என்ஜின்களும் வாற்பக்கத்தில் அமைந்தது. அது ஓடுபாதையின் தலைப்பை அடைந்துவிட்ட நிலையில், வெளிக்காற்றின் வெப்பத்தைக் காட்டும் கருவி இயல்புக்கு மிக மீறிய அளவைக் காட்டுவதை விமானிகள் கவனித்து, புறப்படாமல் நிறுத்துமிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இதுவரை அவர்கள் செய்தது சரி. ஐயம் தோன்றியதும் திரும்பி வந்த அந்த விவேகத்தைப் பின்னால் நடந்தவற்றின் நிழலில் நாம் மறந்துவிடலாகாது.

இப்போது பராமரிப்புப் பயிலும் நீங்கள் சற்றே அருகில் வந்து பார்க்க வேண்டும். விமானத்தின் மூக்குப் பகுதியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு ‘புரோப்’தான் அந்த வெப்பத்தை அளப்பது. மேகங்களுக்கிடையே பறக்கும்போது அதன்மேல் பனிக்கட்டி படிந்துவிடாமல் இருக்கும்பொருட்டு, அதனுள் மின்சாரத்தால் சூடாகும் ஓர் இழை வைத்திருக்கிறார்கள். வானில் வேகமாக வீசும் காற்று அதைக் குளிர்விக்கும். தரையில் அக்காற்று இல்லை. ஆகவே விமானம் தரையில் நிற்கும்போது அவ்விழைக்கு மின்சாரம் செல்லவே கூடாது. தான் நிற்பது தரையிலா, பறப்பது வானிலா என்பதை விமானம் எப்படி அறிகிறது? முன் சக்கரத்தின் தண்டு பாரம் தாங்கி அமுங்கியிருப்பதை ஒரு ஸ்விட்ச் உணர்ந்து தெரிவிக்க, அச்செய்தியைச் சில ரிலேக்கள் விமானத்தின் பல்வேறு உறுப்புகளுக்கும் கொண்டு செல்கின்றன. அன்று அந்தப் புரோப் தரையிலேயே சூடேறிக்கொண்டிருந்தது என்றால் அதற்கு என்ன பொருள்? விமானத்தின் ஏதோ ஒரு பகுதி, தான் வானில் பறந்துகொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது என்பதே பொருள்.

அந்தக் கேள்வியை அன்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த மெக்கானிக்குகள், எந்தெந்த உபகரணம் பழுதாயிருந்தாலும் விமானம் புறப்படலாம் என்று வகுத்துரைக்கும் ‘எம்.இ.எல்.’ புத்தகத்தைப் பார்த்தார்கள். வழியில் பனிக்கட்டி படியும் வானிலை எதிர்பார்க்கப்படாவிடில் புரோப்பின் சூடேற்றி இல்லாமலே பறக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. ஆகஸ்டு மாதத்து மாட்ரிட்டில், வெப்பமானி முப்பது டிகிரியை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், பனிக்கட்டிக்கு எங்கே போவது? சூடேற்றிக்குரிய சர்க்யூட் பிரேக்கரை வெளியே இழுத்தார்கள், மின்சாரம் அற்றது, கருவி காட்டிய வெப்பம் இறங்கிற்று, பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திட்டு விமானத்தை விடுவித்தார்கள். இதே வெப்பக் கோளாறு முந்தைய நாட்களிலும் அவ்விமானத்தில் தலைகாட்டியிருந்ததைப் பதிவுகள் காட்டுகின்றன. அவர்கள் விதியை மீறினார்கள் என்று சொல்வதற்கில்லை. விதி கேட்டது ‘இப்படியே பறக்கலாமா?’ என்ற கேள்வி; அதற்கு அவர்கள் பெற்ற விடையும் சரியானதே. ‘இது ஏன் சூடாகிறது?’ என்ற கேள்வியை விதி கேட்கவில்லை. ஆகவே அவர்களும் கேட்கவில்லை.

அந்த மாதிரி விமானத்தின் மின்சுற்றுப் படத்தை விரித்தால், ‘ஆர் 2-5’ என்று குறியிட்ட ஒரு ரிலேயைக் காணலாம். புரோப்பின் சூடேற்றிக்குத் தரையா வானா என்று சொல்வது அந்த ரிலேதான்; புறப்பாட்டு எச்சரிக்கை அமைப்புக்கு அதே செய்தியைச் சொல்வதும் அதே ரிலேதான். இந்த எச்சரிக்கையின் வேலை யாதெனில், விமானம் தரையில் நிற்க, விமானி என்ஜின்களின் விசையை முன்னே தள்ளும் தருணத்தில், இறக்கையின் ஃபிளாப்புகளும் ஸ்லாட்டுகளும் புறப்பாட்டுக்குரிய நிலையில் இல்லையென்றால், ஊதுகுழல் ஒலியாலும் பேச்சுக் குரலாலும் விமானி அறையை அதிரச் செய்வது. வானில் அது மௌனமாக இருக்க வேண்டும். தான் வானில் இருப்பதாகத் தவறாக எண்ணிக்கொண்ட விமானத்தில் அது தரையிலும் மௌனமாகவே இருக்கும். அன்று அது ஒலிக்கவில்லை. ஏன் ஒலிக்கவில்லை என்பதை விசாரணைக் குழுவினரால் ஐயத்துக்கிடமின்றி நிறுவ முடியாமற்போயிற்று. எனினும் சூடேறிய புரோப்பையும் ஒலிக்காத எச்சரிக்கையையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தது அந்த ஒரு ரிலே என்ற உண்மை, உங்கள் தொழிலைச் சார்ந்த எவரையும் உறங்கவிடாமல் செய்ய வேண்டும்.

இனி விமானி அறைக்குச் செல்வோம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதம். கதவடைத்த விமானத்தில் புழுங்கும் பிரயாணிகள். அடுத்தடுத்த பயணங்களும் பின்னுக்குத் தள்ளப்படும் என்ற கவலை. கேப்டனுடைய குரலில் அவசரம் தெரிகிறது என்பதை ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் குறித்திருக்கிறார்கள். என்ஜின்களை இயக்கிய பின் படிக்க வேண்டிய செக்லிஸ்டில் கடைசி அம்சம் ஃபிளாப், ஸ்லாட் பற்றியது. அவ்வம்சத்தைப் படிக்க வேண்டிய வேளையில், நகர்வதற்கு அனுமதி கேட்குமாறு கேப்டன் துணை விமானியிடம் சொல்ல, அவர் ரேடியோவில் பேசப் போனார். படிக்காமல் நின்ற அந்த ஒற்றை வரிக்கு யாரும் திரும்பி வரவில்லை. அதற்கப்பாலும் அத்தவறு பிடிபடுவதற்கு இடம் இருந்தது. ஓடுபாதையில் ஏறுமுன் சொல்லும் இறுதிச் சரிபார்ப்பில் துணை விமானி ஃபிளாப்புக்குரிய பதினொன்று என்ற எண்ணைத் தன் வாயால் சொல்லியும் இருக்கிறார். ஃபிளாப்பின் நெம்புகோலோ அவர்கள் இருவருக்கும் நடுவே, கைக்கெட்டும் தூரத்தில், பூஜ்யத்தில் நின்றது. எதிரே பலகையில் இருந்த முள்ளும் பூஜ்யத்தையே காட்டிற்று. ஸ்லாட் விரிந்திருப்பதைத் தெரிவிக்கும் சிறு விளக்கு எரியவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை எண்களைக் காணாமலே எண்களைச் சொல்லுவது போல, இருக்க வேண்டிய நிலையை நாவு சொல்லிற்று. இருந்த நிலையைக் கண் பார்க்கவில்லை.

அந்தத் துணை விமானி அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தினந்தோறும் பலமுறை சொல்லிப் பழகிய வரி, பார்வையின் துணையில்லாமல் தானே வாயிலிருந்து உதிர்வது மனித இயல்பு. அனுபவம் மிகுந்தவர்களுக்கே இந்த அபாயம் மிகுதி; இப்போது ஒவ்வொரு வரிக்கும் தயங்கித் தயங்கி விரல் நீட்டிப் பார்க்கும் உங்களுக்கு அது குறைவு. எனவேதான் இந்த மடல் அனுபவசாலிகளுக்கன்றி உங்களுக்கு எழுதப்படுகிறது.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் சற்று முன்பு விமானம் ஓடத் தொடங்கியது. ஃபிளாப்பும் ஸ்லாட்டும் விரிந்த இறக்கை, குறைந்த வேகத்திலும் கனத்த விமானத்தைத் தூக்கவல்லது. அவை சுருங்கிய இறக்கைக்கு அதே பாரத்தைத் தூக்க அதைவிட மிக அதிக வேகம் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள பராஹாஸில், கோடையின் மெலிந்த காற்றில், அத்தேவை இன்னும் கூடுதல். விமானம் வழக்கமான வேகத்தில் மூக்கைத் தூக்கி நிலத்தை விட்டு எழுந்தது. எழுந்த கணத்திலேயே இறக்கை தன் வலிமையை இழந்து ‘ஸ்டால்’ ஆகத் தொடங்க, விமானியின் கைப்பிடி நடுங்கி எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை அவர்கள் உணர்ந்தபோது அதன் காரணத்தைக் கண்டறிய அவகாசம் சில விநாடிகளே. சுமார் நாற்பது அடி உயரம் ஏறிய விமானம் வலப்புறமாகச் சாய்ந்து விழுந்து, ஓடுபாதையை அடுத்த சரிவில் உருண்டு, ஓடையொன்றின் அருகே உடைந்து தீப்பற்றி எரிந்தது. 154 பேர் மாண்டனர். 18 பேர் பிழைத்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களைக் கிடத்திய அதே ‘இஃபெமா’ கண்காட்சி வளாகத்தில் மறுபடியும் சடலங்கள் வரிசையாக வைக்கப்பட, உற்றாரை அடையாளம் காட்டத் தீவிலிருந்து குடும்பங்கள் வந்து குவிந்தன. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத என் கை எழவில்லை.

என்ஜின் தீப்பற்றியதே காரணம் என்று முதல் நாட்களில் பத்திரிகைகள் எழுதின. நிலையத்தின் காமிராப் பதிவும் கருப்புப் பெட்டியும் அதைப் பொய்யாக்கின. என்ஜின்கள் இரண்டும் கடைசிவரை ஒழுங்காகவே இயங்கின. விழும்வரை, பறப்பதற்கு வேண்டிய எதுவும் விமானத்தில் உடையவில்லை என்பதுதான் இவ்விபத்தில் நெஞ்சை அறுக்கும் விஷயம்.

இது முதன்முறையா என்று கேட்பீர்கள். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், 1987 ஆகஸ்டு 16 அன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், அதே எம்.டி.-82 வகை விமானம், அதே போல ஃபிளாப்பும் ஸ்லாட்டும் சுருங்கிய நிலையில் எழும்பி, விளக்குக் கம்பத்தில் இறக்கை இடித்துச் சாலையில் விழுந்தது. விமானத்திலிருந்தவர்களில் 154 பேரும், சாலையில் இருந்த இருவரும் இறந்தனர்; நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டாள். அங்கும் விமானிகள் செக்லிஸ்டை முறைப்படி படிக்கவில்லை. அங்கும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை, அதற்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. ‘பி-40’ என்ற பிரேக்கர் வழியாகச் செல்ல வேண்டிய அந்த மின்சாரம் ஏன் நின்றது என்பது இறுதிவரை துலங்கவில்லை. விமானத்தைச் செய்த மக்டானல் டக்ளஸ் நிறுவனம், ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும் எச்சரிக்கை அமைப்பைச் சோதித்துப் பார்க்கும்படி அந்த ஆண்டே விமான நிறுவனங்களுக்கு யோசனை சொல்லி எழுதியது. அது யோசனை, கட்டளை அன்று. ஆகவே சிலர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை. 2008இல் மாட்ரிட்டில் எரிந்த விமானத்தின் நிறுவனத்தில், ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும் அதைச் சோதிக்கும் நியமம் இருக்கவில்லை. சோதிப்பதற்கு ஆகும் நேரமோ, விசையைச் சற்றே முன்தள்ளி ஒலி எழுகிறதா என்று கேட்டுவிட்டுப் பின்னிழுக்கும் சில விநாடிகள். அந்தச் சில விநாடிகளைக் கட்டாயமாக்கும் ஆணையை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் மாட்ரிட் விபத்துக்குப் பின் பிறப்பித்தது.

1988இல் டல்லஸில் ஒரு போயிங் 727 இப்படியே வீழ்ந்து 14 பேர் மாண்டனர். 1999 ஆகஸ்டு 31 அன்று பியூனஸ் அய்ரஸ் நகருக்குள்ளேயே அமைந்த விமான நிலையத்தில் நிகழ்ந்ததோ இன்னொரு வகை: அங்கே எச்சரிக்கை பழுதின்றி ஒலித்தது, ஓடத் தொடங்கியது முதல் ஓயாமல் ஒலித்தது, விமானிகள் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிச் சென்றனர், விமானம் கரையோரச் சாலையைக் கடந்து மோதியது, 65 உயிர்கள் போயின. அவ்விமானத்தை இயக்கிய நிறுவனத்திலேயே விமானியாயிருந்து, அதன் பாதுகாப்புக் குறைகளை விபத்துக்கு முன்னரே எடுத்துரைத்து வேலையை விட்டு வெளியேறிய என்ரிக்கே பிஞேய்ரோ, பின்னாளில் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார். கருவி பேசாதபோது மனிதர் பார்க்கவில்லை என்பது மாட்ரிட். கருவி பேசியபோதும் மனிதர் கேட்கவில்லை என்பது பியூனஸ் அய்ரஸ். ஆகவே இன்னும் நல்ல கருவியொன்றைப் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று உங்களுக்குப் பாடம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் இவை யாவற்றினும் என்னை அதிகம் வாட்டுவது உயிர்ச்சேதமே இல்லாத ஒரு சம்பவம். 2007 ஜூன் மாதம், மாட்ரிட் விபத்துக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அதே ஸ்பெயின் தேசத்தில், அதே கனாரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயிலிருந்து புறப்பட்ட ஓர் எம்.டி.-83 விமானம், ஃபிளாப்புகள் சுருங்கிய நிலையில் எழும்பி, இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து தள்ளாடி, விமானிகள் சமாளித்ததால் பிழைத்துத் திரும்பி இறங்கியது. அங்கும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. ஒரு சர்க்யூட் பிரேக்கர் இழுத்த நிலையிலேயே விடப்பட்டிருந்தது. யாரும் சாகாத காரணத்தால் உலகம் அதைச் செய்தியாகக் கொள்ளவில்லை. அதை ஆராய்ந்த அறிக்கை மாட்ரிட் விபத்துக்கு முன் வெளிவந்து எல்லா விமானி அறைகளையும் எட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை நான் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பணிக்காலத்தில் உங்கள் கண்முன் ஒன்றும் நேராமல் தப்பிப்போகும் அபாயங்கள் பல வரும். அவற்றை எழுதி அனுப்புங்கள்; உங்கள் சக தொழிலாளிக்குச் சங்கடம் வருமென்றோ, உங்களுக்கே கெட்ட பெயர் வருமென்றோ மறைத்துவிடாதீர்கள்.

மாட்ரிட்டின் நீதிமன்றங்கள் முதலில், ஸ்பான்ஏர் விமானத்தை விடுவித்த மெக்கானிக்குகளைக் குற்றம் சாட்டப்பட்டவர்களாக விசாரித்தன. பிறகு 2012இல் வழக்கை அவர்கள்மீது நடத்தாமல் முடித்தன. விமானிகள் இருவரும் இறந்துபோயினர். நிறுவனமும் அதே ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டது. யாரைத் தண்டிப்பது என்ற கேள்வியில் ஆண்டுகள் கழிந்தன. எஞ்சிய குடும்பங்களோ ஒரு சங்கமாகத் திரண்டு, எப்படி நேர்ந்தது, இனி நேராதிருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்பதை விடவில்லை. தண்டனையைப் பற்றிய கேள்வி நீதிபதிகளுக்குரியது. குடும்பங்களின் கேள்விக்கு மட்டும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள் நீங்கள். ஏனெனில் அவர்கள் இழந்தவர்கள் நம்பி ஏறியது உங்களைப் போன்றவர்களின் கையெழுத்தையும் உங்களைப் போன்றவர்களின் வாய்ச்சொல்லையுமே.

பராமரிப்புப் பயிலும் உங்களிடம் நான் வேண்டுவது இது. நாளை ஒரு விமானம் உங்களிடம் ஒரு சிறு உபாதையைச் சொல்லிக்கொண்டு வரும். வாயிலில் பிரயாணிகள் காத்திருப்பர். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். புத்தகம் ‘பறக்கலாம்’ என்று அனுமதி கொடுக்கும். அப்போதும், இது ஏன் இப்படி நடக்கிறது, இதே கம்பியில் வேறு என்னென்ன தொங்குகின்றன என்று மின்சுற்றுப் படத்தை விரித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு வேண்டிய பத்து நிமிஷத்தைக் கேட்டுப் பெறும் துணிவும் உங்களுக்கு வேண்டும். பிரேக்கரை இழுத்தால் நிற்பது அறிகுறியே.

விமானிகளாகப் போகும் உங்களிடம் வேண்டுவது: செக்லிஸ்ட் வாசகத்தைச் சொல்லுமுன் கண் அந்தக் கருவியில் படட்டும், கை அந்த நெம்புகோலைத் தொடட்டும். 1935 அக்டோபரில் ஓஹயோவின் ரைட் ஃபீல்டில், பின்னால் பி-17 என்று புகழ்பெற்ற போயிங்கின் முதல் மாதிரி விமானம், தரையில் காற்றுக்கு அசையாதிருக்க இட்ட பூட்டை எடுக்க மறந்து புறப்பட்டு விழுந்தது. தேர்ந்த சோதனை விமானிகளும் மறக்கக்கூடும் என்று கண்ட பிறகே புறப்பாட்டு செக்லிஸ்ட் நடைமுறைக்கு வந்தது. அது மறதிக்காகப் பிறந்தது. அதையே மனப்பாடமாகச் சொல்வது அதன் பிறப்பையே வீணாக்குவதாகும். படிக்கும்போது யாராவது குறுக்கிட்டால், நிறுத்திய இடத்திலிருந்தன்றி முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். குறுக்கிடுபவர் கேப்டனேயாயினும், “சார், லிஸ்ட் முடியவில்லை” என்று சொல்ல உங்களில் இளையவருக்கும் வாய் வர வேண்டும். அதைக் கேட்டுக் கோபிக்காதிருக்க, நாளை கேப்டனாகப் போகும் நீங்கள் இன்றே பழகிக்கொள்ள வேண்டும்.

ஸ்பெயினின் விமான விபத்து விசாரணைக் குழு 2011இல் வெளியிட்ட இறுதி அறிக்கை ஆங்கிலத்திலும் இருக்கிறது. உங்கள் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, இரு வகுப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து, விமானி பயில்வோர் மின்சுற்றுப் படத்தையும், பராமரிப்புப் பயில்வோர் விமானி அறை உரையாடலையும் படித்துப் பாருங்கள். லான்சரோட்டே அறிக்கையையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒருவன்